இரண்டாவது காலடி

அந்த வருடம் தீவின் டெய்ரி ஃபார்ம் குடியிருப்பில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று ரேஷன் கடைக்கு. மற்றது ஓசையடக்கிச் சாமிக்கு. ரேஷன் கடை வரிசை சிறியது.

சாமி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தவர். மூன்று நாளும் வாந்தி எடுத்தார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். கடலையே அடக்கியவர் என்று அவர் வாசலில் தொங்கிய பலகை சொன்னது. ஊர் பலகையை நம்பியது.

அவருடைய தொழில் நூதனமானது. மரவீட்டுத் தளங்களுக்கு அடியில் நடமாடும் ஆவிகளை அமுக்குவார். சுனாமிக்கு முன்னால் நிலம் ஆடியதில் பழைய வீடுகளில் ஆணிகள் தளர்ந்திருந்தன. அதனால் ஆவிகளுக்குப் பஞ்சமில்லை.

விஜயகுமாரி குடியிருந்தது கண்ணையாவின் வீட்டுக் கீழ்ப்பகுதியில். மேலே கண்ணையாவும் அவர் மனைவி சுப்பம்மாளும். நடுவே படாக் மரப் பலகைத் தளம். கண்ணையா மேலே முன்பக்கம் நடந்தால், கீழே பின்பக்கத்திலும் ஒரு காலடி கேட்கும். ஒருவர் நடக்க இருவர் நடப்பார்கள்.

தச்சு வேலை பார்க்கும் வினோத்குமார் மிஸ்திரி வந்து பார்த்தார்.

"கண்ணையா பாய், பலகை லூஸ். இந்த முனைய மிதிச்சா அந்த முனை தூக்கி, கீழ சட்டத்துல அடிக்குது. புது ஆணி அடிச்சா படாக் வெடிச்சிரும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல மெத்துன்னு ஏதாவது வைங்க. சத்தம் பந்த்."

காசு வாங்காமல் சொன்னார். அதனால் யாரும் கேட்கவில்லை.

என்ன வைக்கலாம் என்று கண்ணையா சாமியிடம் போய்க் கேட்டார். கயிற்றுப் பாய் நாகதோஷம் என்றார் சாமி. சாக்கு சனிக்கு உகந்தது. தெர்மகோல் வெள்ளைக்காரன் சரக்கு, நம் ஊர் ஆவிக்குப் புரியாது. வைக்க வேண்டியது அவரே விற்கும் அமைதிப்பட்டு ஒன்றுதான். சிவப்புத் துணியில் தைத்த நீளமான பட்டை. தையலைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உள்ளே அமுக்கி வைத்தது வெளியே வந்துவிடும்.

பிறகு கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்னார். "அந்த ரெண்டாவது காலடி கட்சால் தீவுல கடல் கொண்டுபோனவன். பொஞ்சாதியத் தேடி வந்திருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாப் பலகைக்கும் பட்டு வைக்கணும். இல்லன்னா அவள வெளிய அனுப்பு."

விஜயகுமாரியின் கணவர் யோகராஜ் சுனாமியில் கட்சாலில்தான் போனார். அதைக் கண்டுபிடிக்கச் சாமிக்கு ஞானதிருஷ்டி தேவைப்படவில்லை. சுப்பம்மாளே முந்தைய நாள் சொல்லியிருந்தாள்.

கண்ணையா படியிறங்கி வந்தார். விஜயகுமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ பட்டு வாங்கி வைக்கிறியான்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா நீயும் பானுவும் ஷெல்டருக்கே போயிருங்க."

ஷெல்டர் என்பது சுனாமியில் வீடிழந்தவர்களுக்குப் போட்ட தகரக் கொட்டகை. இரண்டு வருடம் அதில் வெந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். மகள் பானுவுக்குப் பங்குனியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

"மேல சத்தம் வந்தா கீழ இருக்கவ என்னாங்க செய்வா?"

"நானா சொன்னேன்? சாமி சொன்னாரு."

காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து ஒரு பட்டு வாங்கிவந்தாள். மிஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே அதைப் பலகைக்கு அடியில் வைத்தார். அந்தப் பலகை வாயை மூடியது. அதுதான் கொடுமை. பட்டு வேலை செய்தது.

வரிசை சாலை முனை வரை நீண்டது. அதில் பாதி, சுனாமிக்குப் பின் இங்கே வந்த கட்சால் தோட்டத்துப் பெண்கள். பட்டைக் கையில் வாங்கியதும் ஒவ்வொருத்தியாக அழுதார்கள்.

"கட்சால் வாசம் அடிக்குதுடி!" என்று மருதாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

"வந்துட்டாங்க. வாசத்துலயே வந்துட்டாங்க" என்றார் சாமி. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

விஜயகுமாரியும் அழுதிருந்தாள். யோகராஜ் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதைப் பலகைக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி முகர்ந்தாள். இம்முறை அழுகை வரவில்லை. மூக்கு வேலை செய்தது. அது புகை. ஹோமப் புகை அல்ல. பதினோரு வருடம் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டைக் காயக் கழியில் தொங்கப்போட்டவள் அவள். தலைமுடியெல்லாம் இந்த நாற்றம் என்று யோகராஜ் கேலி செய்வார்.

தையலைப் பிரித்தாள். ஆவி வரவில்லை. பழுப்பு நிறத்தில், உருளை பதித்த வரிகளோடு ஒரு ரப்பர் சீட்டு வந்தது. இழுத்தாள். நீண்டு, சுருங்கியது. பால் வெட்டி, உறைய வைத்து, உருட்டி, புகை போட்டே வயதான பெண்கள், அதே சரக்கைச் சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்ததும் கும்பிட்டிருக்கிறார்கள்.

தெருவுக்கு ஓடிக் கத்தியிருக்கலாம். கத்தினால் புருஷன் ஆவி ஏறிவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். ஊசியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாமி வந்தார். கூட்டமும் வந்தது. விஜயகுமாரி தட்டில் இரண்டு பொட்டலங்களை வைத்திருந்தாள். ஒன்று, குங்குமத்தோடு சாமியின் சிவப்புப் பட்டு. மற்றது, பானுவின் கிழிந்த பள்ளிக்கூடப் பாவாடைத் துணியில் தைத்தது.

"சாமி, ஒரு பட்டுக்குத்தான் வசதி இருந்துச்சு. அதுக்கு இன்னொரு வாட்டி மந்திரம் போட்டுக் குடுங்க. பாவாடத் துணி நானே தச்சது, அதுக்கு மந்திரம் வேணாம்."

தொடாமல் ஆசி தருவது சாமியின் வழக்கம். சிவப்பை நோக்கி முழங்கினார். "அடங்கிட்டான்! யோகராஜ் இதுக்குள்ள அடங்கிட்டான்!"

கூட்டம் கைகூப்பியது. மிஸ்திரி மேலே போய் ஒரு பலகைக்கு அடியில் சிவப்பை வைத்தார். விஜயகுமாரி சொன்னபடி அடுத்த பலகைக்கு அடியில் பாவாடையை வைத்தார். கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

"சலோ, நடங்க!" என்றார் மிஸ்திரி.

கண்ணையா முதல் பலகையில் நடந்தார். டக். டக். பின்பக்கத்தில் யோகராஜ் கம்பீரமாக நடந்தார்.

இரண்டாவது பலகையில் நடந்தார். கண்ணையாவின் காலடி மட்டும் கேட்டது.

"இன்னும் ஒருக்கா" என்றாள் விஜயகுமாரி. மறுபடியும் அப்படியே.

சாமி கனைத்தார். "இன்னைக்கு அவன் கோவமா இருக்கான்."

"அடுத்த பலகையில மட்டும் சமாதானமா சாமி? மந்திரம் போட்டது தட்டுது. போடாதது கம்முனு கெடக்கு."

மிஸ்திரி இரண்டையும் கீழே கொண்டுவந்தார். அவள் சிவப்பைப் பிரித்தாள். காலண்டர் அட்டை. பாவாடையைப் பிரித்தாள். உள்ளே இருந்ததை எடுத்து மருதாயியிடம் நீட்டினாள்.

"இழுத்துப் பாருக்கா."

மருதாயி இழுத்தாள். வரிகளைத் தடவினாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"அடி ஆத்தி! இது நம்ம ரப்பர் சீட்டாச்சே!"

அதன்பின் யாருடைய தையலும் மிஞ்சவில்லை. வாசலில் சிவப்புத் துணி முழங்கால் அளவு குவிந்தது. பின்வாசல் எங்கே என்று சாமி தேடினார். கடலை அடக்கியவருக்குக் கதவு அகப்படவில்லை. மருதாயி அவர் இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருடையதும் திரும்பி வரும் வரை விடவில்லை. விஜயகுமாரியின் தோடும் அதில் வந்தது.

கண்ணையா அவள் முன்னால் வந்து நின்றார். "நீ இங்கயே இரும்மா. மிச்சப் பலகைக்கும் ரப்பர் போட்டுரலாம்."

சுப்பம்மாள் மெல்லக் கேட்டாள். "விஜயா, ரப்பர்தான்னாலும், ஒரு நல்ல நாள் பாத்து வச்சா இன்னும் விசேஷம்தானே?"

விஜயகுமாரி தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, செத்தவுங்க யாரும் எங்கள வீட்ட விட்டுப் போகச் சொல்லல. மூச்சு விடுற நீங்கதான் சொன்னீங்க. நாள் பாக்க வேணாம். அடுத்த தடவ ஒருத்தியத் தெருவுல தள்ளுறதுக்கு முந்தி, பலகையத் தூக்கிப் பாருங்க."