மூன்று மாதம் யோசித்த குச்சி

எனக்கு முடிவெடுக்க வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது, அந்த மாதிரி. செருப்புக் கடையில் ஒரே ஜோடியை நான்கு தடவை மாட்டிக் கழற்றி, கடைக்காரர் "சாப்ட்டு வந்து பாருங்க சார்" என்று மத்தியான ஷட்டரை இறக்கிய அனுபவம் எனக்கு உண்டு. ஓட்டலில் எனக்கும் சேர்த்து என் மனைவி சாந்திதான் ஆர்டர் சொல்வாள். (இல்லாவிட்டால் சர்வர் ரிட்டயர் ஆகிவிடுவார்.) இப்படிப்பட்ட நான் வாழ்நாளில் ஒரே ஒரு முடிவை அரை நிமிடத்தில், யார் பேச்சையும் கேட்காமல் எடுத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது விழுப்புரத்தில் ஒரு விதைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி நான். பகலெல்லாம் பைக்கில் ஊர் ஊராய்ப் போய், மல்லாட்டையைப் பற்றி, அதாவது வேர்க்கடலையைப் பற்றி, என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்களுக்கு மல்லாட்டை விதையைப் பற்றி விளக்க வேண்டும். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, மோர் குடிக்கிறியா?" என்பார்கள். சாயந்தரம் ஆனால் உடம்பில் எலும்பு மட்டும்தான் பாக்கி. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடியில் இருந்த பில்லியர்ட்ஸ் கிளப்புக்குப் போவேன். பச்சைத் துணி விரித்த மேஜை, பதினைந்து கலர்ப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளையைக் குச்சியால் தட்டி மற்றதைக் குழியில் தள்ள வேண்டும். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் யாருக்கும் எதுவும் விற்க வேண்டியதில்லை. ஓரளவு நன்றாகவே ஆடுவேன். (ஓரளவு என்பது இப்போது சொல்வது. அப்போது 'ஜில்லாவிலேயே' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

அந்தக் குச்சியை நாங்கள் ஸ்டிக் என்போம். அதன் நுனியில் வட்டமாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் மாற்றித் தர குணசேகரன் என்பவர் கிளப்புக்கு வருவார். குயிலாப்பாளையத்துக்காரர், ஆரோவில்லில் ஒரு மரப்பட்டறையில் வேலை. ஒருநாள் நான் ஆடுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "உங்க கைக்கு இந்த ஸ்டிக்கு குட்டை சார். தோள இழுத்து இழுத்து ஆடுறீங்க. உங்க அளவுக்கு ஒண்ணு செஞ்சி தரட்டா?" என்றார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து என் கையை அளந்தார். டெய்லரைத் தவிர என்னை அளந்த முதல் மனிதர் அவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், "யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

யோசித்தேன். மூன்று மாதம் யோசித்தேன். இணையத்தில் இருந்த அத்தனை வீடியோவையும் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த ஸ்டிக் இருந்தால் ஆட்டமே மாறிவிடும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஆடத் தெரியாதவனுக்கு எந்த ஸ்டிக்கும் ஒன்றுதான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். ஆபீஸில் கேட்டேன், முடிவெட்டுபவரிடம் கேட்டேன், ஒருமுறை விதை வாங்க வந்த திருவாமாத்தூர் விவசாயி ஒருவரிடம்கூடக் கேட்டேன். அவர், "அது இல்லாம இப்ப எதனா நிக்குதா?" என்றார். நிற்கவில்லைதான். அதற்காக விட்டுவிடவும் மனம் வரவில்லை. சாந்தி கடைசியில், "வாங்கனா வாங்குங்க, வேணாம்னா உட்டுடுங்க. என் உசுர வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குணசேகரன் செய்து முடித்துவிட்டார். அடிப்பாகம் அவர்கள் பக்கத்து வேலமரம், கரும்பழுப்பில் மினுமினுவென்று. மேல்பாகம் வெளிநாட்டு மேப்பிள். கையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் மேல்பாகத்துக்கு வார்னிஷ் கிடையாது, வெறும் மரம். இரண்டையும் திருகிச் சேர்த்தால் ஒரு நூல் பிசகாது.

"ஒரு வாரம் வச்சி ஆடிப் பாருங்க சார். புடிச்சா எடுத்துக்கங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "திண்டிவனத்துல ராஜவேல் அண்ணன் கிளப்ப பெருசு பண்றாரு. புது ஸ்டிக்கு எடுக்கப் போறாராம். விஜயதசமி அன்னிக்கு இத எடுத்துக்கினு வந்து அவர் எதிர்க்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்றீங்களா? நீங்க நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவுரு எடுத்துக்குவாரு. பதினோரு வருசமா அடுத்தவன் பட்டறையில இழைச்சிக்கினு இருக்கிறேன் சார். இது அமைஞ்சா தனியா ஒரு கொட்டாய் போட்டுக்குவேன்."

ராஜவேல் எனக்கு வேண்டப்பட்டவர், நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று அளந்துவிட்டேன். (அவரிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.)

அந்த ஒரு வாரம் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பொய் சொல்லக் கூடாது, அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. தோள் வலிக்கவில்லை. பந்து சொன்ன இடத்துக்குப் போனது. அப்படியும் வாங்குகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்களுடையது விவசாயக் குடும்பம். வீட்டில் உள்ள கருவி எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, பொட்டு வைத்து சாமி எதிரே அடுக்கிவிட வேண்டும், மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. நான் வாடகை வீட்டுக்கு வந்து ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் அளவுக்குச் சுருங்கிவிட்டாலும் வழக்கத்தை விடவில்லை. காலையில் பைக்கைக் கழுவிவிட்டு, அருவாமனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்தேன். ஸ்டிக்கையும் எடுத்தேன். இரண்டு துண்டையும் சோப்புத் தூள் கரைத்த பக்கெட்டில் நிற்க வைத்தேன்.

சாந்தி பார்த்துவிட்டாள். "இன்னாங்க பண்றீங்க? மரத்தப் போயி தண்ணியில போட்டுக்கினு."

"உலக்கை மரமில்லையா? ஏர் மரமில்லையா? வருசா வருசம் கழுவல?"

"அது வேற, இது வேறங்க. அந்த ஆளாண்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"சாமி காரியத்துக்கு யாரையும் கேக்கத் தேவையில்ல" என்றேன். மூன்று மாதமாகப் பேச்சுக்குப் பேச்சு தடுமாறிய மனிதனுக்கு அன்று காலை எங்கிருந்துதான் அவ்வளவு தெளிவு வந்ததோ. ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். நல்ல வெயில். சாயந்தரம் எடுத்து வந்து, உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டு, முனைத் தோலில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, சாமி எதிரே சாய்த்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வளைந்திருக்கிறதா என்று திருகிச் சேர்த்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாதே.

மறுநாள் அப்படியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். ஸ்டிக்கின் உடம்பில் இருந்ததை லேசாகத் துடைத்தேன். முனைப் பொட்டை மட்டும் ராசிக்காக விட்டுவைத்தேன். கண்டக்டர் நீளப் பையைப் பார்த்துவிட்டு, "நாதஸ்வரமா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஏதாவது கல்யாண மண்டபத்தில் இறங்கியிருந்தால் அன்று மரியாதையாகப் போயிருக்கும்.

குணசேகரன் கிளியனூர் வழியாக வண்டியில் வந்து எனக்கு முன்பே காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. கிளப்பில் மேஜைக்கு மேஜை மாலை, இருபது பேருக்குக் குறையாத கூட்டம். ராஜவேல் தட்டில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க. ஆடுங்க, பாப்போம்" என்றார்.

முதல் அடி. வெள்ளைப் பந்து போக வேண்டிய திசைக்கு வலப்பக்கமாகப் போய், மேஜை ஓரத்தில் மோதி எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதன் நட்ட நடுவில் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு. "பந்துக்குப் பொட்டு வச்சி வுட்டாருப்பா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது அடியில் வெள்ளை எந்தப் பந்தையும் தொடாமல் நேராகக் குழியில் விழுந்தது. மூன்றாவது அடியில் முனைத் தோலே பிய்த்துக்கொண்டு பறந்து ராஜவேலின் பொரித் தட்டில் போய் உட்கார்ந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ராஜவேல் ஸ்டிக்கை வாங்கி மேஜைமேல் உருட்டினார். அது உருளவில்லை, நொண்டியது. "இன்னா குணா, வில்லா இது?" என்றார்.

குணசேகரன் அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மரம் சரியா காயல போலருக்குதுங்க. அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார். மெதுவாகத் திருகிக் கழற்றிப் பையில் வைக்க ஆரம்பித்தார். "இப்ப வேணாங்க ராஜவேல் அண்ணா. இன்னும் கத்துக்கினு அப்றம் வர்றேன்."

நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். சொன்னால் இருபது பேர் முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் கொட்டாய் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் நான் யோசித்தேன். செருப்புக் கடையில் நிற்கிற மாதிரியே நின்று யோசித்தேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பையை மூடிய குணசேகரன் என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "மன்னிச்சிக்கங்க சார். இவ்ளோ பேர் எதிர்க்க உங்கள அசிங்கப்படுத்திட்டேன்."

அதற்குமேல் தாங்கவில்லை. "கழுவிட்டேன்" என்றேன்.

"இன்னாது சார்?"

"ஸ்டிக்க. ஆயுத பூஜைக்குக் கழுவிட்டேன்."

குணசேகரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூப்பிய கை அப்படியே இருந்தது. பிறகு டாக்டர் கேட்பதுபோல் கேட்டார். "தண்ணி பட்டுதா, ஊறிச்சா?"

"ஊறிச்சி. ஒரு மணி நேரம். சோப்புத் தூள் போட்டு."

"அப்றம்?"

"மாடியில சாச்சி வச்சேன். வெயில்ல. சாயந்தரம் வரைக்கும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். "மரம் காஞ்சிதான் இருந்திச்சி" என்றார். மறுபடியும் ராஜவேலைப் பார்த்து, "மரம் நல்ல மரந்தாண்ணா" என்றார்.

ராஜவேலுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "பதினெட்டு வருசமா கிளப்பு நடத்துறேன். இதப் போயி துணி மாதிரி ஊற வச்ச ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றவர், "குணா, ரெண்டு செஞ்சி எடுத்துக்கினு வா. நானே ஆடிப் பாத்துட்டு மீதிய சொல்றேன். ஒரே கண்டிசன், இந்த ஆள் கையில குடுக்காத" என்றார். இருபது பேரும் அந்தக் கண்டிஷனை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி இப்படியாக முடிவுக்கு வந்தது. வளைந்த ஸ்டிக்கை, நேரான ஸ்டிக்கின் விலைக்கு வாங்கினேன். குணசேகரன் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாந்தி பையைத் திறந்து பார்த்தாள். "மூணு மாசம் யோசிச்சி, கோணலா போனப்பறம் வாங்கிக்கினு வந்துக்கிறீங்க" என்றாள்.

குணசேகரனுக்குக் கொட்டாய் அமைந்துவிட்டது. இப்போது நான்கு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். என்னை 'சார்' என்பது போய் 'ண்ணா' ஆகிவிட்டது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் போன் வரும். "ண்ணா, நாளைக்குப் பூஜை. பக்கெட்ட எடுத்து உள்ள வச்சிட்டீங்களா?" போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்கு வந்திருக்கிற சொந்தக்காரர்கள் வரை எல்லோரும் கேட்டுச் சிரித்த பிறகுதான் எங்கள் வீட்டில் பூஜை வேலையே ஆரம்பிக்கும். நானும் அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் போன் வரவில்லை. சாயந்தரம் வரை பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் இல்லை. நானே கூப்பிட்டேன். "இன்னா குணா, மறந்துட்டியா?"

பின்னால் மிஷின் ஓடும் சத்தம். "இல்லண்ணா, பேசவே நேரமில்ல, அவ்ளோ ஆர்டரு. இனிமே ஒவ்வொரு ஆளுக்கா போன் பண்ணி சொல்ல முடியாதுன்னு பொட்டியிலயே அச்சடிச்சி ஒட்டிட்டேன். போட்டோ அனுப்புறேன், பாருங்க."

போட்டோ வந்தது. ஸ்டிக் வைக்கும் பெட்டியின் உள்மூடியில், மஞ்சள் தாளில் நான்கு வரி. 'ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வைக்கவும். தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். சோப்புத் தூள் வேண்டாம். மொட்டை மாடியில் காய வைக்க வேண்டாம்.'

சாந்தி கையில் வாங்கி, பெரிதாக்கி, வரி வரியாக இரண்டு தரம் படித்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க பேர போடாம உட்டாரே. பெரிய மனசுங்க அந்த மனுசனுக்கு."