பாட்டில்லாத கச்சேரிக்கு வந்த கூட்டம்

பெரம்பலூர்,
11.11.2025

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை திருமுருகனுக்கு, உன் அக்கா புருஷன் வீரமணி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். என் மகள் சிந்துவும் உயிரோடுதான் இருக்கிறாள். முதல் வரியிலேயே இதை எழுதக் காரணம் உண்டு, போகப் போகத் தெரியும். அவ்விடம் நீயும், உன் மனைவியும், பிறந்த பிள்ளையும், பிள்ளையைக் குளிப்பாட்ட வந்து ஒரு மாதமாக அங்கேயே தங்கிவிட்ட உன் அக்கா வேணியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனை எடுத்தால் உன் அக்கா காதும் கூடவே வரும். அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்குத் தபால். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் இதுதான். சிந்துவுக்கு நீ திருச்சியில் பேசி வைத்திருக்கிற வேலை, டிசம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொன்ன வேலை, வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடு. கோபப்படாதே. தீபாவளிக்கு நீ என்ன சொன்னாய்? "பாடவே பாடாத கச்சேரிக்கு யாரு மாமா வருவா? உங்க பொண்ணு கிட்டார்ல வாசிக்கிற இந்தப் போஸ்ட்-ராக்கெல்லாம் முடிஞ்சு போச்சு. சென்னையிலயே ஈ ஓட்டுறாங்க. இனிமே அது ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே தூங்கறதுக்குத்தான்" என்றாய். அவள் முகம் சுண்டிப்போனதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவள், "சரிப்பா, கடைசியா நம்ம ஊர்ல ஒரு தடவை வாசிக்கிறேன். அம்பது பேரு வந்து, முடியிற வரைக்கும் எந்திரிக்காம இருந்தா நான் வாசிப்பேன். இல்லன்னா கிட்டாரைக் கட்டிப் பரண்ல போட்டுட்டு மாமா சொன்ன வேலைக்குப் போறேன்" என்றாள். முப்பத்தோரு வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தவன் நான். சைரன் ஊதும், ஆளெல்லாம் ஒதுங்குவார்கள், ஒரு சத்தமும் இருக்காது, அந்தச் சத்தமில்லாத நேரம் நீண்டுகொண்டே போகும், அப்புறம் ஒரே அதிர்ச்சி, பிறகு மெதுவாகப் புழுதி இறங்கும். அவள் வாசிப்பதும் இதேதான் மாப்ள. எனக்குக் காது பாதிதான் கேட்கும், ஆனாலும் அவள் வாசித்தால் அழுகை வந்துவிடுகிறது. ஊரில் யாருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் எனக்குப் புரிகிறது.

ஐம்பது பேரைச் சேர்ப்பது என் பொறுப்பு என்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். சிந்து அனுப்பிய படம் கருப்பு வெள்ளை. அவளும் கூட வாசிக்கிற மூன்று பேரும் வறண்ட சுரங்கத்துக்குள் நின்று தலையைக் குனிந்திருக்கிறார்கள், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. இந்தச் சங்கீதத்தில் சிரிக்கக் கூடாதாம். கீழே 2019 – 2025 என்று போடச் சொன்னாள், குழு ஆரம்பித்த வருஷமும், கூட்டம் வராவிட்டால் முடியப்போகிற வருஷமும். அதற்கும் கீழே மண்டபத்தின் பெயர், ஞாயிறு மாலை நான்கு மணி, அமைதி காக்கவும். கடைக்காரர் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பக்கமும் விளக்கு வச்சுடவாங்க? வெறிச்சுன்னு இருக்கு" என்றார். மங்களகரமாகத்தானே இருக்கும், வையுங்க என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணி குடிங்கய்யா" என்று ஒரு சொம்பை நீட்டினார். மற்றவர்களை மூன்று நாள் அலைய வைக்கிற மனுஷன், எனக்கு ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தார். சிறுவாச்சூர், வாலிகண்டபுரம், ஆலத்தியூர் பிரிவு ரோடு என்று எட்டு இடத்தில் கட்டினேன். பெற்ற மகளுக்கு நானே என் கையால் கட்டினேன், பார்த்துக்கொள்.

மறுநாளிலிருந்து ஊரே மாறிப்போச்சு. நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பக்கத்து வீட்டு மலர்க்கொடி மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். உன் அக்கா இல்லாமல் நான் வெந்ததும் வேகாததுமாகத் தின்கிறேன் என்று இரக்கப்படுகிறாளாக்கும் என நினைத்தேன். பழக்கமே இல்லாதவர்கள்கூட வீட்டுக்கு வந்தார்கள். வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து போனார்கள். ஒருத்தன்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை மாப்ள! என்னடா மரியாதை கெட்ட ஊராகிவிட்டதே என்று வாசலுக்கு வந்து பார்த்தால், போகிறவர்களெல்லாம் தெருக்குழாயில் கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மகள் கச்சேரி என்கிற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. போனும் வந்துகொண்டே இருந்தது. "நாலு பேருமாங்க?" என்பார்கள். "நாலு பேரும்தாங்க, ஒரே நேரத்துல!" என்பேன். "எப்படிங்க தாங்கிக்கிறீங்க?" என்பார்கள். "ஆறு வருஷமா பழகிப்போச்சுங்க, நீங்க குடும்பத்தோட வந்துடுங்க" என்பேன். அந்தப் பக்கம் விம்மல் கேட்கும். பரவாயில்லையே, இந்தச் சங்கீதத்துக்கு இவ்வளவு உருகுகிறார்களே என்று பூரித்துப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை மூட்டம். சிந்துவும் மற்ற மூன்று பேரும் சென்னையிலிருந்து வேனில் நேராக மண்டபத்துக்கு வந்து பின்வாசல் வழியாக மேடைக்குப் போய்விட்டார்கள், ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றே முக்காலுக்கு நான் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிறேன், முந்நூறு பேர்! அந்த மண்டபத்தில் நான் பார்த்த எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. குழந்தைகள்கூட ஓடவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் என் பாதிக் காதுக்கே கேட்டது. மேடைக்குக் கீழே ரோஜா மாலைகள் குவிந்து கிடந்தன. பெண்கள் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அப்போதுதான், அந்த அவிழ்ந்த முடியைப் பார்த்த பிறகுதான், நான் எட்டு இடத்தில் கட்டியதை ஊரே கண்ணீர் அஞ்சலி என்று படித்திருக்கிறது என எனக்கு உறைத்தது. 2019இல் பிறந்திருந்தால் ஆறு வயசுதானே ஆகும் என்று ஒருத்தருமா கணக்குப் பார்க்கவில்லை?

நான் வாயைத் திறப்பதற்குள் திரை விலகிவிட்டது. நாலு பேரும் நிற்கிறார்கள். எவரும் கை தட்டவில்லை, அலறவில்லை, ஓடவில்லை. கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு மட்டும் போயிற்று. சிந்து வாசிக்க ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் கொசு ரீங்காரம் மாதிரி ஒரே சுருதி, மெல்ல மெல்ல ஏறுகிறது, டிரம்ஸ் சேருகிறது, பிறகு வெடித்தது பார், டியூப்லைட் ஆடியது, காரை உதிர்ந்தது, சரியாக அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒப்பாரி எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கிட்டாரின் சுருதியிலேயே எழுந்தது. சிந்து நிறுத்தவில்லை. ஒப்பாரி தாழ்ந்தால் அவளும் தாழ்ந்தாள், ஏறினால் ஏறினாள். இரண்டு மணி நேரம் ஓர் ஆள் அசையவில்லை. எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

முடிந்ததும் மைக்கைப் பிடுங்கினேன். "தப்பா நினைச்சுட்டீங்க! புள்ளைங்க நல்லா இருக்காங்க, இதோ நிக்கிறாங்க பாருங்க!" என்றேன். முந்நூறு பேரும் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள், அப்படி ஒரு பரிதாபத்தோடு. கடைக்கோடித் தெரு தனம் மட்டும் மேடையேறி சிந்துவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று கூட்டத்துக்குச் சொன்னாள். ஒருவர் என் தோளைத் தட்டி, "அப்படித்தாங்க தோணும், கொஞ்ச நாளைக்கு" என்றார். பிறகு எல்லோரும் எழுந்து, போயிட்டு வரேன் சொல்லாமல், வரிசையாகப் போய்விட்டார்கள்.

நான் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறேன், சிந்துவுக்கோ கண்ணெல்லாம் மினுங்குகிறது. "அப்பா, முந்நூறு பேருப்பா! ஒருத்தர் போனை எடுக்கல. ஒருத்தர் சினிமாப் பாட்டுப் போடச் சொல்லல. நான் வாசிச்சதை இப்படி யாருமே கேட்டதில்லப்பா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். நேற்று அவள் தெருவில் நடந்தாள், ஊர் பார்க்க நடந்தாள், எவரும் வழிமறித்து விசாரிக்கவில்லை, ஒதுங்கிக் கும்பிட்டார்கள். டீக்கடைக்காரர் அவள் கேட்காமலேயே டீயும் வாழைப்பழமும் வைத்து ஊதுபத்தி ஏற்றினார். மலர்க்கொடி வாசலில் இலை போட்டு அதிரசம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். சிந்து எல்லாவற்றையும் சப்புக்கொட்டித் தின்கிறாள். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே மாப்ள, போஸ்ட்-ராக் முடிந்துவிட்டது என்று இனி என் காதுபட, அதாவது கேட்கிற காது படச் சொல்லாதே. மேடையில் அதற்கு எதிர்காலம் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். வேலை வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடு. பிள்ளைக்கு என் முத்தம், உன் மனைவிக்கு என் ஆசி, உன் அக்காவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
வீரமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாலிகண்டபுரத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். பெயர் செல்லமுத்து, ஐம்பத்தைந்து வயசு இருக்கலாம், நல்ல திடகாத்திரம். இருபத்தாறாம் தேதி புதன்கிழமை தன் வீட்டில் வந்து வாசிக்க வேண்டும் என்றார். யாருக்குங்க என்றேன். "எனக்குத்தாங்க" என்றார். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்றேன். "இன்னிக்கி நல்லாத்தான் இருக்கேன்" என்றார். உள்ளேயிருந்து சிந்து, "எத்தன மணிக்குங்க வரணும்?" என்று கேட்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு மாப்ள. அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. ஒன்றாம் தேதி வரைக்கும்கூட வேண்டாம், இருபத்தைந்தாம் தேதியே வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று மேனேஜரிடம் கேள்.