இன்னொருக்கா அக்காவும் பதினேழாம் குழாயும்

ஆக்லாந்தில் உள்ள பாக்டீரியாக்களுக்கு வாய் மட்டும் இருந்திருந்தால், எல்லாம் ஒன்றுகூடி ஒரே ஒரு பெண்மணி மீது புகார் கொடுத்திருக்கும். இந்த ஊரில் அவற்றை அவரளவுக்கு நிம்மதியில்லாமல் செய்தவர் வேறு யாருமில்லை.

‘இன்னொருக்கா அக்கா’ என்பதுதான் ஆய்வகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. காலையில் நியூ லின்னில் பேக்கரி வேலை. மதியம் ரயிலேறி, நான் ஆய்வக உதவியாளனாக இருந்த கல்லூரிக்கு நுண்ணுயிரியல் படிக்க வருவார். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் வயது பத்தொன்பது. ஒரு சோதனையை ஒருமுறை செய்துவிட்டு, கைகழுவிக் கிளம்பிவிடுவார்கள். அக்கா மட்டும் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்.

“தம்பி, இன்னொருக்காப் பாப்பமே?”

பாக்டீரியாவை அடையாளம் காண முதலில் சாயம் போட வேண்டும். கண்ணாடித் தகட்டில் துளி தடவி, ஊதாச் சாயம் ஊற்றி, ஆல்கஹாலால் கழுவி, கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம். ஊதாவாகவே நிற்பது ஒரு வகை, இளஞ்சிவப்பாக மாறுவது இன்னொரு வகை. ஆல்கஹால் சில விநாடி கூடினாலும் கதை மாறிவிடும். அதனால் அக்கா சுவர்க் கடிகாரத்தை நம்பமாட்டார், கைபேசியையும் நம்பமாட்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணுவார். எத்தனை கையுறை போட்டாலும் விரல்கள் ஊதாவாகிவிடும். அந்த விரல்களால் எடுத்துக் கொடுத்த பன்னைப் பேக்கரியில் ஒருவர் வாங்க மறுத்துவிட்டாராம்.

“பிறகு என்ன ஆச்சு அக்கா?”

“முதலாளி என்னை முன்னுக்கு நிக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். இப்ப பின்னுக்கு நிண்டு மாப் பிசையிறன்.”

ஒருநாள் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவிட்டோம். தலைகளை எண்ணினால் ஒன்று குறைகிறது. மஞ்சள் அங்கி போட்ட பாதுகாப்பு அதிகாரியோடு உள்ளே ஓடினால், அக்கா தொட்டியடியில் தகட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அக்கா, கட்டடம் தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?”

“ஓம் ஓம், வாறன். பத்துச் செக்கன் பொறும். நிறம் போயிடும்.”

பருவத்தின் கடைசியில் ஆளுக்கொரு குழாய் கொடுப்போம். உள்ளே பெயர் சொல்லாத ஒரு பாக்டீரியா இருக்கும். அதைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதினால்தான் தேர்ச்சி. அக்காவுக்குக் கிடைத்தது பதினேழாம் குழாய். இரண்டாவது வாரம் அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

“தம்பி, இதுக்குள்ளை ரெண்டு கிடக்கு.”

பார்த்தேன். திராட்சைக் கொத்து மாதிரி ஊதா உருண்டைகள். அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இளஞ்சிவப்புக் குச்சிகள். ஊதா உருண்டைகள் வளரவே முடியாத ஒரு வளர்ப்புத் தட்டில் அவர் தடவி வைத்ததிலும் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள் முளைத்திருந்தன.

“நீங்கதான் துளி எடுக்கிற கம்பியைச் சரியா சுடாம தொட்டு, வேற கிருமியைச் சேத்திருப்பீங்க,” என்றேன்.

அவர் குழாயிலிருந்து புதிதாக எடுத்துச் செய்தார். அதே இரண்டு. மூன்றாவது முறையும் செய்தார். அதே இரண்டு. அந்தக் குழாய்களை நிரப்பியவன் நான். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் விசா.

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “அக்கா, அந்த உருண்டையோட பேரை மட்டும் எழுதிடுங்க. எங்க விடைக்குறிப்புல அதுதான் இருக்கு. முழு மார்க் கிடைக்கும்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

“அப்ப மற்றது? அதுவும் அதுக்குள்ளை இருக்குத்தானே. இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுறது?”

அன்று மாலை, யாருமில்லாதபோது, அந்தக் குழாயை நிரப்பிய மூலப் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நானே அதே மாதிரித் தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் திறந்தால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவசரத்தில், வேறொரு பாக்டீரியாப் புட்டிக்குள் விட்ட உறிஞ்சுகுழாயையே இதற்குள்ளும் விட்டிருக்கிறேன். புட்டியை நீராவிக் கலனில் போட்டு உள்ளிருப்பதைக் கொன்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்ட கேள்வி காதைவிட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை பாடப் பொறுப்பாளர் அம்மையாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் புட்டியிலிருந்து குழாய் வாங்கிய எட்டுப் பேருக்கும் புதுக் குழாயும் ஒரு வார அவகாசமும் கொடுக்கச் சொன்னார். என் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. ஒரு வருடத்துக்குக் கிடைக்குமென்று நினைத்திருந்த ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் கிடைத்தது. அதுவே பெரிது.

வியாழக்கிழமை அக்காவிடம் போனேன்.

“அக்கா, தப்பு என்னோடது. உங்க மேல பழி போட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியும் தம்பி.”

“எப்பலேருந்து?”

“ரெண்டாந்தரம் செய்யேக்கையே விளங்கிட்டுது.”

“அப்புறம் மூணாவது தடவை எதுக்குச் செஞ்சீங்க?”

அக்கா தகட்டை விளக்கில் காட்டிக்கொண்டே சொன்னார். “உமக்கு விசா அலுவல் கிடக்கெண்டு ஒருநாள் சொன்னனீர். பிழை என்ரையா இருக்கோணும் எண்டுதான் திரும்பவும் பாத்தனான்.”

சாயக் குப்பியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

அக்கா தேறிவிட்டார். இப்போது ஆல்பனி பக்கம் உணவுப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை. அங்குள்ளவர்கள் பாவம்.

எனக்குப் புதிய ஒப்பந்தத்தோடு ஒரு படிவமும் வந்தது. அவசரமென்றால் இந்த நாட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி. வந்த நாளிலிருந்து அந்த இடத்தை வெறுமனே விட்டுவைப்பதுதான் என் வழக்கம். இம்முறை அவரிடம் போன் நம்பர் கேட்டு வாங்கி எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் என்ன உறவு என்று கேட்டிருந்தது. அக்கா என்று எழுதினேன்.