உலகத்துத் திருகெல்லாம் நமக்கே

துண்டு போடுகிறவர் என்றோர் இனம் உண்டு. பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, பிறகு சாவகாசமாக ஏறிவந்து, அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறாரே, அவர்தான். தான் உட்கார ஓர் இடம் பிடிப்பவரை மனிதர் என்று சொல்லி விட்டுவிடலாம். பக்கத்து இருக்கையில் பையையும் அதற்கடுத்த இருக்கையில் குடையையும் வைத்துவிட்டு, நின்றுகொண்டிருப்பவரிடம் "ஆள் வருது" என்கிறாரே, அங்கேதான் நம் ஆராய்ச்சி தொடங்குகிறது. எந்த ஆள்? எங்கே ஏறுவார்? அவருக்கே தெரியாது. ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சுபாவம்.

இவர் பேருந்தில் மட்டும் வசிப்பவரல்ல. மொட்டைமாடிக் கொடியில் துவைக்காத நாளிலும் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவைப்பவர் இவர். அலுவலகக் கூட்டத்தில் அடுத்தவர் மெல்லிய குரலில் சொன்ன யோசனையை உடனே உரத்த குரலில் சொல்லித் தன்னுடையதாக்கிக்கொள்பவர் இவர். துக்க வீட்டில்கூட, "போன வாரமே சொன்னேன், பெரியவர் தாங்கமாட்டார்னு" என்று மரணத்தின் மீதும் ஒரு துண்டு போட்டுவிட்டு வருபவர்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். மின்கம்பிகளைச் சேர்க்கும் கனெக்டர் செய்கிற பட்டறை. கனெக்டர் என்றால் பெரிய சங்கதி இல்லை. விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் கட்டை; அதில் ஒரு துளை; மேலே ஒரு திருகு. கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகை முடுக்கினால் கவ்விக்கொள்ளும். திருகின் முனை கம்பியை அறுத்துவிடாதபடி நடுவே ஒரு மெல்லிய தகடு. ஊரெல்லாம் செய்வதுதான்.

ஊரெல்லாம் செய்வதில் ஊரறிந்த கோளாறு ஒன்றும் இருந்தது. திருகைத் தளர்த்தினால் தகடு மட்டும் கீழேயே கிடக்கும். எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று, கண்ணுக்குத் தெரியாத மூலையில் கையை விட்டுக் கம்பியை நுழைக்கும்போது அது தகட்டுக்கு மேலே போய்விடும். திருகின் முனை நேராகக் கம்பியைக் குத்தும்; கவ்விய மாதிரி இருக்கும், கவ்வியிருக்காது. கொஞ்ச நாளில் சூடேறிக் கருகும். கருகித் திரும்பிவரும் சரக்கைப் பிரித்துப் பார்ப்பது நம்மவருடைய மனைவியின் வேலை. பிரித்துப் பிரித்துப் பார்த்தவர் ஒருநாள் தகட்டின் ஓரத்தை மடித்துத் திருகின் கழுத்தில் கோத்துவிட்டார். இப்போது திருகு மேலே போனால் தகடும் கூடவே போகும். கம்பிக்குத் தப்பான வழியே கிடையாது.

"வேற எந்தக் கம்பெனி சரக்குலயும் இப்படி இல்லைங்க" என்றார் மனைவி.

திருப்பித் திருப்பிப் பார்த்தார் கணவர். "நம்ம மூளையே மூளை" என்றார்.

கவனித்தீர்களா? நம்ம. துண்டு விழுந்துவிட்டது.

சுவிட்சுப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "காப்புரிமை வாங்கிட்டு வாங்க, நீங்க செய்யறதை எல்லாம் நாங்களே எடுத்துக்கறோம்" என்றது. வாங்காவிட்டால்? பெரிய பட்டறைகள் சந்தையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து, மறுமாதமே குவித்துவிடும். சின்னப் பட்டறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டவேண்டியதுதான். இவர்கள் பிழைப்பு முழுக்க அந்த மடித்த தகட்டில் தொங்கியது.

காப்புரிமை என்பது என்ன? 'இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று ஊருக்குச் சொல்கிறேன், பதிலுக்குச் சில காலம் இதை மட்டும் என்னிடம் விடுங்கள்' என்கிற ஒப்பந்தம். இதில் 'மட்டும்' என்ற சொல்தான் நம்மவருக்கு ஒத்துக்கொள்ளாது.

காப்புரிமை வக்கீல் எழுத உட்கார்ந்தார். "திருகோடு சேர்ந்து எழும்பும் தகடு உள்ள மின்கம்பிக் கனெக்டர்..."

"நில்லுங்க. தகட்டை எதுக்கு இழுக்கறீங்க? திருகுனாலே நம்மளுதுனு போடுங்க."

"திருகு ரொம்பப் பழசு சார்."

"அப்போ திருகையும் எடுத்துடுங்க. இறுக்கிப் பிடிக்கிற எந்த வழியும்னு போடுங்க. மின்கம்பி எதுக்கு? நாளைக்கே ஒருத்தன் கயித்தைச் செருகுவான். எந்தப் பொருளும்னு போடுங்க."

இப்படிக் கழித்துக் கழித்து, விண்ணப்பத்தில் 'இது எனக்கு' என்று உரிமை கேட்கும் கோரிக்கைகளில் முதலாவது, கடைசியில் இவ்வாறு நின்றது: 'ஒரு பொருளை இன்னொரு பொருளோடு விலகாதபடி சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு.'

வக்கீல் பேனாவை மூடினார். "சார், இதுக்குள்ள கல்யாணமும் வந்துடும்."

"வரட்டுமே. நமக்கென்ன நஷ்டம்?"

கூட வந்திருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீல் தொழில் தெரிந்தவர். இரண்டாவது, மூன்றாவது கோரிக்கைகளையும் நம்மவர் விருப்பப்படியே எழுதிவிட்டு, மடித்த தகட்டை நான்காவதாக ஓரத்தில் உட்காரவைத்தார்.

பெண்கள் விண்ணப்பித்தால் வரிசையில் முந்திப் பார்ப்பார்கள் என்றும் வக்கீல் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெண்களுக்கென்று ஒரு வரிசை, அதுவும் காலியாக! நம்மவர் விடுவாரா? கண்டுபிடித்தவர், விண்ணப்பித்தவர், இரண்டு இடத்திலும் மனைவியின் பெயரைப் போடச் சொன்னார். பிறர் வரிசையில் துண்டு போடுகிற அவசரத்தில், மனிதர் தன்னையறியாமல் உண்மையை எழுதிவிட்டார்.

காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை நாளும் வந்தது. ஆய்வு அதிகாரி ஓர் அம்மையார். அவருக்கு எதிரே மூன்று நாற்காலிகள். ஒன்றில் வக்கீல், ஒன்றில் நம்மவர், மூன்றாவதில் நம்மவரின் பை. மனைவி சாம்பிள் டப்பாவோடு சுவரோரம் நின்றார்.

அதிகாரி தம் கோப்பிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு பொருளை இன்னொரு பொருளோடு சேர்த்துப் பிடிக்குது. இதுவும் உங்களுதா?"

நம்மவர் யோசித்தார். "அதை வேணா விட்டுத்தர்றேன்" என்றார் பெருந்தன்மையாக.

"என் தோடு? திருகாணி போட்டுக் காதைப் பிடிச்சிருக்கு."

"நாங்க காதைக் கேட்கலை மேடம்."

"எந்தப் பொருளும்னு எழுதியிருக்கீங்க. காது என்ன, காத்தா?"

வக்கீல் மேஜையின் பாலிஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "நாலாவது மட்டும் புதுசு. எங்க தேடியும் இதுக்கு முன்னாடி இல்லை. முதல் மூணையும் எடுத்துடறதா இருந்தா இதைக் குடுக்கத் தடையில்லை. மாட்டேன்னா மொத்தமும் தள்ளுபடிதான்."

"அது எப்படி மேடம்? குடுத்தா நாலும் குடுங்க. இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்."

வக்கீல் அவர் சட்டைக்கையை இழுத்தார். பலனில்லை. "நாலும்!" என்றார் மறுபடி. பட்டறை, அதில் வேலை செய்பவர்கள், வாங்கக் காத்திருக்கும் நிறுவனம் எல்லாம் அந்த ஒரு சொல்லின் நுனியில் ஆடின.

"விண்ணப்பதாரர் என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

"அதான் சொல்லிட்டேனே."

"உங்களைக் கேட்கலை சார். அவங்களை."

அறையில் எல்லாரும் சுவரோரம் பார்த்தார்கள். நம்மவரும் பார்த்தார், ஏதோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல. மனைவி வந்து, மூன்றாவது நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார்.

"நாலாவது போதும் மேடம். அதுதான் நான் செஞ்சது. மத்த மூணும் இவர் ஆசைப்பட்டது."

அதிகாரி குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் விசாரணை.

வெளியே வராந்தாவில் நம்மவர் மனைவி பக்கம் திரும்பினார். "மூணையும் விட்டுட்டியே."

"மூணும் நம்மகிட்ட எப்பங்க இருந்துச்சு?"

காப்புரிமை வந்தது. நிறுவனமும் வந்தது. பட்டறை நடக்கிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்மவர், "இவ பேர்ல போடுங்கன்னு அன்னைக்கே சொன்னது யாரு? நான்தான்" என்கிறார். பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. இந்த இனத்தோடு இதுதான் தொல்லை.

காப்புரிமை அலுவலகத்திலாவது கோப்பைப் புரட்டி, 'இதில் உன்னுடையது எது?' என்று கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள்? எத்தனை பேர் உழைப்பும் அறிவும் 'நம்ம' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே மூச்சுத் திணறிக் கிடக்கின்றன! அதைக் குடும்ப ஒற்றுமை என்று வேறு மெச்சிக்கொள்கிறோம். திருட்டுக்கு இவ்வளவு மரியாதையான பெயரை வேறு எந்தத் திருடனும் வாங்கியதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு பெரியப்பாவோ, ஒரு மேலதிகாரியோ. சிரித்திருப்பீர்கள். நல்லது. இப்போது உங்கள் வீட்டில் ஒழுங்காக நடக்கிற சின்ன ஏற்பாடு ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஒழுகாதபடி ஜன்னலுக்குச் செய்த வழி, மருந்து மறக்காமலிருக்கச் செய்த வழி, எதுவானாலும் சரி. அது யார் யோசனை? பதிலை உரக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

என்ன, குரல் தாழ்கிறது? பக்கத்து அறையில் ஆள் இருக்கிறாரோ?