நான் நட்ட கல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் திரும்ப அதற்குள் போகக்கூடாது. போனாலும் கரும்பலகைப் பக்கம் போகக்கூடாது. நான் போனேன்.

பரந்தனில் மூட்டை தூக்கி, பூநகரியில் வலை இழுத்து, கண்ட கண்ட கூலி வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். புளியங்குளத்துக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கவேண்டிய அலுவலருக்கு அன்று காய்ச்சல்.

"நீர் படத்தைக் காட்டி நாலு கதை சொல்லும். வடிவாச் செய்தால் வேலை நிரந்தரம்," என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தார்.

மரம் வெட்ட வந்தவர்களுக்கு முன்னால் ஊர்ச்சனம் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற வரலாற்றைச் சொன்னேன். (வகுப்புத் தூணைக் கட்டிப்பிடித்தே காட்டினேன். அந்த வெட்கம் வேறு.) பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது, காட்டுக்கு எல்லைக்கல் நட்டது என்று வந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம் நட்டது ஆர் தெரியுமோ? நான்தான்!"

வனத்திணைக்களத்துக்கு நாட்கூலிக்குச் செய்த வேலை. கைதட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். (விசரன்!)

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், எங்கட கிணத்தடியில நிக்கிற கல்லும் நீங்களோ?"

"அது காடு, பிள்ளை."

"நாங்கள் சண்டைக்க இடம்பெயர்ந்து போன நேரம் வளர்ந்த பத்தை, சேர். இப்ப எங்கட காணிக்க கால் வைக்க விடுகினமில்லை. காடு கிணறு வெட்டுமே, சேர்?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கிணறு எனக்கு நல்ல ஞாபகம். கல்லை நட்டு முடித்த களைப்பில் அதில்தான் அள்ளிக் குடித்தோம். ஆர் வெட்டிய கிணறு என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

"ஓம் பிள்ளை, நான்தான். அந்தத் தண்ணியும் குடிச்சனான்."

பொறுப்பாளர் எழும்பி வெளியே போனார். வேலையும் அவருக்குப் பின்னால் போனது.

அடுத்த கிழமை அவளின் தகப்பனோடு பிரதேச செயலகத்துக்குப் போய், கல் நட்டபோது அங்கே கிணறு இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாங்கிக் கோவைக் கட்டுக்குள் போட்டார்கள். காணி இன்னும் கிடைக்கவில்லை. கல் அசையாமல் நிற்கிறது. நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அது.

இப்போது எனக்கும் ஒரு வீடு வளவு இருக்கிறது. முற்றத்தில் நாலு புல் தலைகாட்டினால் போதும், மனைவி கத்துவா: "பிள்ளையள், கெதியாப் புல்லைச் செருக்குங்கோ! அப்பா கல்லோட வரப்போறார்!"

சின்ன மகள் ஓடிப்போய்க் கிணற்றடியில் காவல் நிற்பாள்.