எவர்சில்வர் கேனும் என் ஓராண்டு விரதமும்

ஒரு வருஷம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். என் மனைவி நோலீன் முன்னால், சமையலறை மேஜைமேல் கை வைத்து, முழு நிதானத்தில். நிதானத்தில் செய்ததுதான் பின்னால் பெரிய சிக்கலாகிவிட்டது. வேறு மாதிரி இருந்திருந்தால் ஞாபகம் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

தொடுவதில்லை என்றது, நானே காய்ச்சிய இருபது லிட்டர் பார்லிச் சாராயத்தை. என் பெயர் கிளாரி டல்லக். நியூசிலாந்தின் தெற்கு மூலையில், ஹோகோனூய் மலையடிவாரத்தில், நாற்பது வருஷம் மாடு வைத்துப் பால் கறந்தவன். எங்கள் பக்கத்தில் பால் கறப்பது தொழில். சாராயம் காய்ச்சுவது பரம்பரை. என் தாத்தா காலத்தில் புதருக்குள் ஒளிந்து காய்ச்சினார்கள். இப்போது சட்டமே அனுமதிக்கிறது. வீட்டுக்குக் காய்ச்சிக் குடிக்கலாம், விற்கத்தான் கூடாது. ஒளிந்துகொள்ள ஓர் அரசாங்கம் இல்லாமல் போனதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தக் குறையை மனைவிமார்கள் தீர்த்துவைக்கிறார்கள்.

சத்தியத்துக்குக் காரணம் நோலீனின் அண்ணன் அதோல். அதோலுக்கு ஓக் மரப் பீப்பாய் என்றால் உயிர். சின்னதாக ஒன்று வைத்திருக்கிறார். அதைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், தடவிக்கொடுப்பார். அவர் மனைவியை அப்படித் தடவிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் முப்பத்தொன்பதாவது கல்யாண நாளில் வந்திருந்தபோது, என் பால் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எவர்சில்வர் கேன்லயா ஊத்தி வைக்கப் போற? அது பாலுக்குப்பா. சாராயம் மூச்சு விடணும்."

"உன் பீப்பாய் மூச்சு விடல அதோல், குடிக்குது. பத்து லிட்டர் ஊத்தினா எட்டுதான் திரும்பி வருது."

"ஆவியாப் போறது தேவதைகளோட பங்கு."

"என் கேன்ல தேவதைக்கும் இடமில்ல, பிசாசுக்கும் இடமில்ல. உள்ள ஓக் குச்சியைப் போட்டு மூடினா, மரத்தோட ருசி வரும், ஒரு சொட்டு வெளிய போகாது."

"ஒரு வருஷம் தாங்குமா?"

"தாங்கும்."

"கேனைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நோலீன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அங்கேதான் நான் எழுந்து மேஜைமேல் கை வைத்தேன். அடுத்த மார்ச், நாற்பதாவது கல்யாண நாள் விருந்தில் கேனைத் திறப்பது. அதோல் குடித்துப் பார்த்து, எவர்சில்வர் தோற்றது என்றால், நான் ஊரறியப் பீப்பாயின் பெருமையைப் பேச வேண்டும். ஜெயித்தால் அவர் இனி வாழ்நாளில் பீப்பாய் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. இருபது வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுக் காது புளித்த எனக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறென்ன?

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மாடுகளை விற்றபோது நான்கு பால் கேன்களை மட்டும் விற்காமல் வைத்திருந்தேன். ஒன்றைச் சோடா போட்டுக் கொதிநீரில் கழுவினேன். மூடியின் ரப்பர் வளையத்தைச் சாராயம் அரித்துவிடும் என்று சிலிக்கான் வளையம் போட்டேன். பழுப்பாக வறுத்த ஓக் குச்சிகளை உள்ளே இறக்கினேன். பளபளவென்று, புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது கேன். நோலீன் பால் தொட்டியில் போடும் அளவுகோலை எடுத்து வந்து உள்ளே விட்டாள்.

"நாப்பத்தொரு சென்டிமீட்டர். ஞாயித்துக்கிழமை தோறும் அளப்பேன் கிளாரி."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இருக்கு. உன் நாக்குமேல இல்ல."

பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாவது நாள், மாலை ஐந்து மணி. பழைய பால் கறக்கும் நேரம். கால் தானாகக் கொட்டகைக்குப் போனது. ஒரு சாராயம் எப்படி முதிர்கிறது என்று அதைக் காய்ச்சியவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? பரிசோதனைக்குப் பால் எடுக்கும் நீளக் கரண்டியால் ஒரு கோப்பை எடுத்தேன். நெஞ்சு வரை வெந்தது. அற்புதம். பிறகுதான் அளவுகோல் ஞாபகம் வந்தது.

எவர்சில்வரின் பெரிய குணம், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே காட்டாது. ஒரு கோப்பை குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். அளவுகோலை விட்டேன். நாற்பத்தொன்று! தண்ணி போட்ட இடத்தில் தண்ணியைப் போட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. இருபது லிட்டரில் ஒரு கோப்பை என்பது என்ன? ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும். இந்த ஒன்றுமில்லைகளைக் கூட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. நோலீன் அளந்தாள்.

"நாப்பத்தொண்ணு. பரவால்லையே ராசா, மன உறுதிதான்."

"பின்ன? ஆம்பளைன்னா சொல்லு ஒண்ணுதான்."

"வாயில என்ன, புதினா மிட்டாயா?"

"தொண்டை கரகரப்பு."

"ஓகோ. பாத்துக்கோ, சீசன் சரியில்ல."

பக்கத்துப் பண்ணை ஹோனே என் நெடுநாள் நண்பன். அந்த ஞாயிறு முதல், மத்தியானம் ஆனால் என்னை அழைக்க ஆரம்பித்தான். "ரக்பி ஆட்டம் போடறான் டிவியில, வா கிளாரி. தனியாப் பாத்தா நல்லா இருக்காது." வாராவாரம் அழைத்தான். மழையிலும் அழைத்தான். ஆட்டமே இல்லாத ஞாயிறுகூட அழைத்து, போன வருஷ ஆட்டத்தைப் போட்டுக் காட்டினான். என்ன பாசம் என்று நெகிழ்ந்து போனேன்.

ஈஸ்டர் போயிற்று. குளிர்காலம் வந்தது. சாராயம் நாளுக்கு நாள் மிருதுவாகிக்கொண்டே வந்தது. எரிச்சல் போய் ஒரு வெதுவெதுப்பு. பிறகு வெதுவெதுப்பும் போய் ஒரு சாந்தம். முதிர்ச்சி என்றால் இதுதான் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நான் ஊற்றும் தண்ணீர் பாதிக் காரணம் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த நிறம்! தேன் மாதிரி. ஓக் குச்சி வேலை செய்கிறது!

செப்டம்பரில் ஒருநாள் இரண்டு கோப்பை போட்டுவிட்டேன். பாடிக்கொண்டே வீட்டுக்குத் தள்ளாடினேன். ஹோனே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

"என்ன கிளாரி, ஓவரா?"

"ஒரு சொட்டுதான்யா. என்னா போதை! எவர்சில்வர்ல வெச்சா வீரியம் குறையுதுன்னு எவன் சொன்னான்? ஒரு கோப்பை போட்டுப் பாரு."

கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தான். இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ சாமி. கொல்லுதேப்பா."

அப்படி ஒரு பாராட்டு நான் கேட்டதில்லை. நோலீன் வாசலில் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். "மெதுவா வா ராசா, தலை சுத்துதா?" என்றாள். சுற்றியது. நன்றாகவே சுற்றியது. அந்த மாதம் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, இரண்டு வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றார். நல்ல முதிர்ந்த சரக்கின் மகிமை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

விருந்துக்கு ஆறு வாரம் இருந்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. நல்ல சாராயத்தைக் கரண்டியில் எடுத்துப் பற்றவைத்தால் நீலமாக எரியும். சும்மா பார்க்கலாமே என்று ஒரு கரண்டி எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். உஸ் என்றது. அணைந்தது. இரண்டாவது குச்சி. உஸ். ஆறு குச்சி ஆயிற்று. என் சாராயம் தீயை அணைக்கிறது! ஊரில் எங்காவது வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் என் கேனைக் கூப்பிடலாம்.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனையும் நானே குடித்து, நானே தண்ணீராக்கிவிட்டேன். அதோல் ஒரு வாய் குடிப்பார். என்னைப் பார்ப்பார். அப்புறம் என் ஆயுள் முடியும் வரை பீப்பாய், பீப்பாய், பீப்பாய்.

புதிதாக ஒரு அடுப்புக் காய்ச்சி மாற்றி வைக்கலாம் என்று ஓடினேன். காய்ச்சும் பாத்திரம் இருந்தது. ஆவியைக் குளிரவைக்கும் செம்புச் சுருளைக் காணோம்.

"நோலீன், செம்புச் சுருள் எங்க?"

"ஹோனே கேட்டான், கொடுத்தேன். உனக்கெதுக்கு இப்ப? கேன் நிறையத்தான் சரக்கு இருக்கே."

"இருக்கு, இருக்கு. நான் என்ன சொல்றேன்னா, ஒரு வருஷம் கொஞ்சம் அவசரமோ? பத்து வருஷம் வெச்சா இன்னும் நல்லா இருக்கும். அம்பதாவது கல்யாண நாளைக்குத் திறக்கலாமே."

"அதுவரைக்கும் நாம இருக்கணுமே."

"இருப்போம்."

"நீ இருப்ப, நான் இருப்பேன். அது இருக்குமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சீஸ் ரோலுக்கு ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுவும் எவர்சில்வர்தான்.

விருந்து நாள். மத்தியானம் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சீஸ் ரோல், ஆட்டுக்கறி வறுவல், சிப்பி எல்லாம் தயார். அதோல் புதுச் சட்டை போட்டு, ஜெயிக்க வந்தவர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் காலையிலிருந்து மன்னிப்புப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கேனைத் தூக்கிவரக் கிளம்பியபோது நோலீன் தோளில் கை வைத்தாள்.

"நீ மாப்பிள்ளை, உக்காரு. நான் கொண்டு வரேன்."

பெரிய கண்ணாடிக் கூஜாவில் கொண்டு வந்தாள். அதோலுக்கு ஊற்றினாள். அவர் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டேன், வேறு காரணத்துக்காக.

அப்புறம் அதோலின் குரல் கேட்டது.

"இது எவர்சில்வர்ல வெச்சதுன்னு எங்க அம்மா வந்து சொன்னாலும் நம்பமாட்டேன்."

என் கோப்பையை எடுத்தேன். குடித்தேன். நாக்கு, தொண்டை, நெஞ்சு, எல்லாம் வரிசையாகப் பற்றிக்கொண்டன. பின்னாலேயே மரவாசனை, கருகிய சர்க்கரையின் இனிப்பு. பதினொரு மாதமாக நான் குடித்ததற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அதோல் எழுந்து, கை நீட்டி, "இனிமே அந்தச் சொல்லை எடுக்கமாட்டேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

விருந்தாளிகள் போனதும் சமையலறையில் அவளைப் பிடித்தேன். தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹோனே துடைத்துக்கொண்டிருந்தான்.

"நோலீன், அது எங்கேருந்து வந்துது?"

"உன் கேன்லருந்துதான். நீ காய்ச்சினது, உன் குச்சி, உன் எவர்சில்வர். நான் இடத்தை மட்டும் மாத்தினேன், நீ விக்காம வெச்ச இன்னொரு கேனுக்கு."

"எப்ப?"

"அந்தப் புதினா மிட்டாய் ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சேன். நான் எங்க வேலை பாத்தேன்னு மறந்துட்டியா கிளாரி?"

மறந்துதான் போயிருந்தேன். நோலீன் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தொன்பது வருஷம் பால் தொழிற்சாலையில் பரிசோதகர். லாக்டோமீட்டரைப் போட்டு, எந்தப் பண்ணைப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்பவள். நான் அவளை முதலில் பார்த்ததே அங்கேதான்.

"இந்த மாவட்டத்துல பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கலக்காத ஒரே ஆளுன்னுதான் உன்னைக் கட்டிக்கிட்டேன். பால்ல கலக்காதவன் சாராயத்துல கலந்தியே!"

"அப்ப நான் குடிச்சது?"

"ஈஸ்டர் வரைக்கும் பாதிதான் சாராயம். ஜூன்ல கால். ஆகஸ்ட்லருந்து சுத்தமான தேத்தண்ணி. கொஞ்சம் கருக்கின சர்க்கரை, காரத்துக்கு ரெண்டு மிளகு. ஞாயித்துக்கிழமை தோறும் புதுசாப் போட்டேன், கெட்டுப்போகக் கூடாதுல்ல? அதுக்குத்தான் ஹோனே உன்னை ரக்பி பாக்கக் கூப்பிட்டான். கடைக்காரி நாம தேநீர்க்கடை வெச்சிருக்கோம்னே நினைச்சுட்டா."

ஹோனேயைப் பார்த்தேன்.

"என்னைத் திட்டாத கிளாரி. அன்னிக்கு நீ கொடுத்ததைக் குடிச்சுட்டு இருமறதுக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

"ஆனா செப்டம்பர்ல எனக்குத் தலை சுத்திச்சே! பாட்டுப் பாடினேனே!"

"பாடின," என்றாள் நோலீன். "நாலு பாட்டு. தேத்தண்ணிக்கு நாலு பாட்டுப் பாடற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? டாக்டர் உன்னைக் குடியைக் குறைக்கச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. சொன்னா கேக்கற ஆளா நீ? நான் சண்டை போடல, அழல. உனக்கும் கஷ்டமில்ல, எனக்கும் கஷ்டமில்ல."

கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. ரத்த அழுத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அந்தக் கேனை எங்க வெச்சிருந்த? வீட்டைச் சுத்தி நான் பாக்காத இடமே இல்லையே."

"துணி துவைக்கிற அறையில. மெஷினுக்குப் பக்கத்துல. மூடக்கூட இல்ல. நாப்பது வருஷத்துல நீ உள்ள வராத ஒரே இடம்."

கேனில் இன்னும் பன்னிரண்டு லிட்டராவது மிஞ்சியிருக்கும். இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலை காப்பியோடு என் மனமாற்றத்தைத் தெரிவித்தேன். இத்தனை வருஷம் நீ தனியாகக் கஷ்டப்பட்டது போதும், இனி இந்த வீட்டில் துணி துவைப்பது என் பொறுப்பு என்றேன். நோலீன் கண் கலங்கினாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதோலுக்கும் ஹோனேக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். கேன் இல்லை. அழுக்குத் துணி இருந்தது, நாற்பது பேர் சாப்பிட்ட மேஜை விரிப்புகளோடு.