என் மூக்குக் கட்டி சாதுவானது குறித்து

பெரிய காஞ்சிபுரம்

அன்புள்ள மாப்பிள்ளை நமச்சிவாயத்துக்கு, மைத்துனன் கைலாசம் வணக்கத்துடன் எழுதுவது. ஐயம்பேட்டையில் நீங்களும் தங்கை வடிவாம்பாளும் சௌக்கியம்தானே? இங்கே நானும் சௌக்கியம். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

இடது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டு, சிந்தினால் ரத்தம் வந்ததும், ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் உங்களுக்குத் தெரியும். சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும் என்றார் டாக்டர் எஸ்தர். சோதனை முடியுமுன் விடை எழுதாதே என்று பிள்ளைகள் தலையில் குட்டிய ரசாயன வாத்தியார் நான், புற்றுநோய் என்று நானே முடிவுகட்டிப் படுத்துவிட்டேன். நீங்கள் கங்கைச் சொம்போடு ஓடிவந்தீர்கள். அந்த நேரம் பார்த்து, தாய்மாமனுடைய கடைசி ஆசை, உங்கள் பெண் பிரியதர்ஷினியை அவள் விரும்பும் ஜான்சனுக்கே கொடுங்கள் என்று கேட்டுவைத்தேன். "வேதக்காரப் பையனா? என் பொணத்து மேலதான்!" என்று ஒரு வருஷமாகக் குதித்த நீங்கள், "சரி மச்சான், நீங்க நிம்மதியா போங்க" என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

நான் போகவில்லை. மூக்குத் துவாரம் வழியாகவே கேமராக் குழாயை விட்டு, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் கட்டியை எடுத்துவிட்டார்கள். "ஐயா, அபூர்வமான கட்டிதான், ஆனா புத்து கிடையாது. எழுந்து உக்காருங்க" என்றார் எஸ்தர். போனில் நீங்கள் கேட்டபோது, "எல்லாம் காமாட்சி கையில" என்று இழுத்துவைத்தேன். நேற்று பஸ் நிலையத்தில் போண்டா தின்றுகொண்டிருக்கையில் உங்களைக் கண்டு, திருமுக்கூடல் பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். பாழாய்ப்போன பஸ் கிளம்பிடுச்சு, நானும் அது மறைவிலேயே ஓடினேன். சாகக் கிடக்கிறவன் ஓடற ஓட்டமா அது?

சாகாதவனுக்குச் செய்த சத்தியம் உங்களைக் கட்டாது. அதை நம்பிக் குறித்த தை முகூர்த்தத்தை நிறுத்துவதானால் நிறுத்துங்கள். முகூர்த்தப் பட்டு தறியில் பாதி ஏறிவிட்டது. குழந்தை பிரியதர்ஷினி முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் திராணியில்லை.

ஏகாம்பரநாதர் உங்களையும் தங்கையையும் காக்கட்டும். என்னை மன்னிக்கட்டும்.

தலைகுனிந்து,
கைலாசம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிரியதர்ஷினி வந்து படித்துவிட்டாள். "இன்னா மாமா, பாதிய எழுதிட்டு மீதிய முழுங்கிட்டீங்க? இது திரும்ப வளரலாம், எப்பவாவது புத்தாவும் மாறலாம், வருஷக்கணக்கா பாத்துக்கினே இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே!" சொன்னார்கள்தான், விடுபட்டுவிட்டது. ஆகவே மாப்பிள்ளை, நான் இன்னும் ஓரளவு சாகக் கிடப்பவனே. சத்தியம் சத்தியமாகவே இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு ஜான்சன் என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வருவான். நீங்கள் பார்க்கும் தூரம்வரை மெதுவாகவே நடப்பேன்.